வாடகையும் கார்டும்: பெரம்பலூர், அரியலூர்க் குடித்தனக்காரர் போடவேண்டிய கணக்கு

வீட்டு வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டினால் லாபமா, நட்டமா? இந்தக் கேள்விக்கு 2022-இல் ஒரு பதில் இருந்தது. 2023-இல் அது மாறியது. 2025 செப்டம்பருக்குப் பிறகு கேள்வியே பாதி செத்துவிட்டது. ஆனாலும் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு முறையாவது ஏதோ ஒரு வங்கியிலிருந்து கார்டு வேண்டுமா என்று போன் வந்துகொண்டுதான் இருக்கிறது. பாயிண்ட் தருகிறோம், கேஷ்பேக் தருகிறோம், இரண்டும் தருகிறோம் என்கிறார்கள். சம்பளத்தில் பெரிய பங்கு வாடகைக்கே போகும் குடும்பத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று முழுதாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகையைக் கார்டில் தேய்ப்பதில் குடித்தனக்காரருக்குக் கிடைக்க எதுவுமில்லை. வாடகை போக மிச்சமுள்ள செலவில்தான் இருக்கிறது. வாடகைக்கென்றே அமெரிக்காவில் பிறந்த ஒரு கார்டும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து நின்றிருக்கிறது.

பெரம்பலூரையும் அரியலூரையும் வாடகைச் சந்தை என்று யாரும் பேசுவதில்லை. திருச்சியிலிருந்து 1995-இல் பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் இரண்டாம் முறை பிரிந்தது. மாவட்டத் தலைநகர் என்றால் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், கருவூலம் எல்லாம் வரும். அவற்றோடு மாற்றலில் வரும் ஊழியர்களும் வருவார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். பெரம்பலூரில் அதற்கு மேல் கல்லூரிகளும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியும் நாரணமங்கலத்து எம்.ஆர்.எஃப். டயர் ஆலையும் எறையூரில் காலணித் தொழிற்சாலையும். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லை நம்பி வந்த ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு, அரசின் டான்செம் என்று சிமென்ட் ஆலைகளின் வரிசை. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் முதல்வர் அடிக்கல் நாட்டினார். ஆக, நர்சு, உதவிப் பேராசிரியர், ஆலை சூப்பர்வைசர், வங்கி ஊழியர், ஆசிரியர் என்று சம்பளச் சீட்டு உள்ள குடித்தனக்காரர்கள் இங்கே கணிசம். கார்டு விற்பவர்கள் தேடுவதும் இவர்களைத்தான்.

வெகுமதி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதைக் கூட்டுவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கடையில் 1,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால் கடைக்காரர் கைக்கு 1,000 வராது. ஏறக்குறைய 2 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் வரும். அந்தப் பிடித்தத்தின் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. வங்கி அதில் ஒரு பகுதியைக் கிள்ளி நமக்குப் பாயிண்டாகவோ கேஷ்பேக்காகவோ போடுகிறது. 2020 ஜனவரி முதல் யூபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் இந்தப் பிடித்தமே இல்லை என்று அரசு ஆக்கிவிட்டது. அதனால்தான் டெபிட் கார்டில் உருப்படியாக எதுவும் கிடைப்பதில்லை. வாடகைக்கு வருவோம். 8,000 ரூபாய் வாடகையில் 160 ரூபாயை விட்டுக்கொடுக்க எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? யாரும் சம்மதிக்கமாட்டார்கள். அப்படியானால் அந்தப் பிடித்தத்தை யாராவது ஏற்க வேண்டும். வாடகைக் கார்டுகளின் சரித்திரம் முழுவதும் அந்த ‘யாராவது’ யார் என்ற இழுபறிதான்.

இந்தியாவில் முதலில் குடித்தனக்காரரே ஏற்றார். கிரெட், நோபுரோக்கர், பேடிஎம், போன்பே போன்ற செயலிகளில் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு, கார்டில் பணம் எடுத்து, அவர் கணக்குக்கு அனுப்பும் வசதி வந்தது. செயலி ஒரு கட்டணம் பிடிக்கும். அதற்கு மேல் வங்கி பாயிண்ட் தரும். கட்டணத்தைவிடப் பாயிண்ட் மதிப்பு அதிகமாக இருந்த கார்டுகள் அப்போது சில இருந்தன. ஆகவே கொஞ்ச காலம் நிஜமாகவே லாபம் இருந்தது. லாபம் இருக்கும் இடத்தில் கூட்டம் சேரும். அண்ணன் கணக்கு, மச்சான் கணக்கு, அடுத்த தெரு நண்பன் கணக்கு என்று இல்லாத வீட்டுக்கு வாடகை அனுப்பி, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கி, 45 நாள் வட்டியில்லாமல் புரட்டினார்கள். பஜாரில் கமிஷன் கொடுத்துக் கார்டைத் தேய்த்துக் காசு வாங்கும் பழைய வித்தையேதான். செயலிக்குள் கொஞ்சம் கௌரவமாக நடந்தது.

வங்கிகள் விழித்துக்கொண்டன. ஐசிஐசிஐ வங்கி 2022 அக்டோபர் 20 முதல் வாடகைப் பரிமாற்றத்துக்கு 1 விழுக்காடு கட்டணம் போட்டது. எஸ்பிஐ கார்டு 2022 நவம்பர் 15 முதல் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்றது. 2023 மார்ச்சில் அதை 199 ஆக்கியது. எச்டிஎஃப்சி 2023 ஜனவரி முதல் வாடகைக்குப் பாயிண்ட் தருவதை நிறுத்தியது. 2024 ஆகஸ்டு முதல் செயலிகள் வழி கட்டும் வாடகைக்கு 1 விழுக்காடு, அதிகபட்சம் 3,000 ரூபாய் என்று கட்டணமும் விதித்தது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கார்டு வலையமைப்பில் ஒரு வகைக் குறியீடு உண்டு. வாடகைக்கு 6513. அந்த எண்ணைப் பார்த்தால் போதும்: பாயிண்ட் கிடையாது, கட்டணம் உண்டு.

இதைப் பெரம்பலூர் அளவில் போட்டுப் பார்க்கலாம். வாடகை 8,000 என்று வைத்துக்கொள்வோம். எஸ்பிஐ கார்டில் 199 ரூபாயும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 235 ரூபாய். வாடகையில் அது கிட்டத்தட்ட 3 விழுக்காடு. சென்னையில் 40,000 ரூபாய் வாடகை கட்டுபவருக்கும் அதே 235 தான். அவருக்கு அது 0.6 விழுக்காடு. ஒரே தொகையாக வைத்த கட்டணம் சின்ன ஊர் வாடகையைத்தான் அதிகமாகக் கடித்தது. 1 விழுக்காடு வாங்கும் வங்கி என்றால் ஜிஎஸ்டியோடு 94 ரூபாய். செயலியின் கட்டணம் தனி. இதற்கு ஈடாகக் கிடைத்தது என்ன? பாயிண்ட் இல்லை. 45 நாள் தவணை மட்டுமே. 8,000 ரூபாயை 45 நாள் 7 விழுக்காடு வைப்பில் போட்டிருந்தாலும் வரும் வட்டி 69 ரூபாய். சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால் 25 ரூபாய்கூடத் தேறாது. 69-ஐச் சம்பாதிக்க 94-ஐயும் அதற்கு மேலும் கொடுப்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் சரிவராது. சம்பளம் தாமதமாகும் மாதத்தில் மட்டும் இது அவசரக் கைமாற்றாக உதவியிருக்கலாம். அப்போது அதன் பெயர் வெகுமதி அல்ல, கடன்.

2025 செப்டம்பர் 15 அன்று ரிசர்வ் வங்கி, பணம் வாங்கிக் கைமாற்றிவிடும் பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களுக்கான முழு விதிமுறையை வெளியிட்டது. நேரடி ஒப்பந்தமும் முறையான கேஒய்சி சரிபார்ப்பும் உள்ள வணிகருக்கு மட்டுமே அவை பணம் வாங்கித் தரலாம் என்பது அதன் சாரம். வீட்டுக்காரர் வணிகர் இல்லை. போன்பே, பேடிஎம், கிரெட் எல்லாம் கார்டு வழி வாடகையை நிறுத்தின. வீட்டுக்காரர் தானே முன்வந்து வணிகராகப் பதிந்துகொண்டால் தடையில்லை. ஆனால் இந்த ஊர்களில் அப்படி யார் முன்வருவார்?

இங்கே வீட்டுக்காரர் என்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, கீழே தான் இருந்துகொண்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டியவராகவோ, மகன் வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பியதில் வீடு கட்டிய தாயாராகவோ இருப்பார். அவரிடம் பேச்சு எடுத்தால் இப்படித்தான் முடியும்:

“சார், வாடகைய கார்டுல போட்டா வாங்கிக்குவீங்களா?”

“ஜிபேல போட்டு விடுங்க தம்பி, இல்லைன்னா கையில குடுங்க. பான் கார்டு, கேஒய்சின்னு நம்மள அதுல கோத்து விடாதீங்க.”

அவர் பயம் நியாயமானதா என்பது வேறு விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி (சட்டம் 2017-இல் இயற்றப்பட்டது) ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும், வாடகை வாங்கினால் ரசீது தர வேண்டும். வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அந்தக் காகிதத்துக்கே தயங்குபவர் வணிகர் கேஒய்சிக்கு எப்படி வருவார்? மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ஒத்திக்கு வீடு பிடிப்பவர்களுக்கோ மாத வாடகையே இல்லை, ஆகவே இந்தச் சிக்கலும் இல்லை. வட்டி போகிறதே என்று அவர்கள் கவலைப்பட வேண்டியது வேறு கணக்கில்.

இப்போது அமெரிக்கா. தொடக்கத்தில் சொன்ன, வாடகைக்கென்றே பிறந்த கார்டு பில்ட் தான். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அங்கூர் ஜெயின் தொடங்கிய நிறுவனம். 2021-இல் வெளியே வந்து, 2022 முதல் வெல்ஸ் ஃபார்கோ வங்கியோடு சேர்ந்து கார்டு தந்தது. வாடகை கட்டினால் கட்டணம் கிடையாது. ஒரு டாலருக்கு ஒரு பாயிண்ட். மாதம் ஐந்து முறையாவது கார்டைப் பயன்படுத்த வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆண்டுக் கட்டணமும் இல்லை. வீட்டுக்காரர் பிடித்தம் தரவில்லை, குடித்தனக்காரரும் தரவில்லை. யார் தந்தது? வங்கி. வெல்ஸ் ஃபார்கோ இந்தக் கார்டில் மாதம் 1 கோடி டாலர் வரை இழக்கிறது என்று 2024 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. வாடகைக்கு வந்தவர்கள் மற்ற செலவுக்கும் இதே கார்டை எடுப்பார்கள், சிலர் பாக்கி வைத்து வட்டி கட்டுவார்கள் என்று வங்கி நம்பியிருந்தது. வந்தவர்களோ விவரமானவர்கள். வாடகையை மட்டும் கட்டினார்கள், ஐந்து முறைக் கணக்குக்கு அஞ்சு பத்து டாலருக்கு எதையாவது வாங்கினார்கள், முழு பில்லையும் தேதிக்குள் அடைத்தார்கள். வங்கி 2029 வரை நீள வேண்டிய ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது.

2026 பிப்ரவரியில் வேறு கூட்டாளிகளோடு பில்ட் மூன்று புதிய கார்டுகளைக் கொண்டுவந்தது: ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒன்று, 95 டாலரில் ஒன்று, 495 டாலரில் ஒன்று. வெகுமதி இரண்டு நாணயமாகப் பிரிந்தது இங்கேதான். ஒன்று பழைய பாயிண்ட்; விமான நிறுவனங்களுக்கும் ஓட்டல்களுக்கும் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று பில்ட் கேஷ். வாடகை அல்லாத செலவுக்கு 4 விழுக்காடு என்ற கணக்கில் சேரும். பெயரில்தான் கேஷ் இருக்கிறது, வங்கிக் கணக்குக்கு வராது. வாடகைக்குப் பாயிண்ட் வேண்டுமானால் இந்த இரண்டாம் நாணயத்தைக் கொடுத்து வாங்க வேண்டும். 1,000 டாலர் வாடகைக்கான பாயிண்டுக்கு 30 டாலர் பில்ட் கேஷ். அந்த 30 சேர 750 டாலர் செலவு செய்ய வேண்டும். அதாவது, வாடகையில் முக்கால் பங்கு அளவுக்குக் கடையில் கார்டைத் தேய்த்தால்தான் வாடகைக்கு முழுப் பாயிண்ட். ஆண்டு முடிவில் மிஞ்சும் பில்ட் கேஷில் 100 டாலருக்கு மேல் காலாவதி ஆகிவிடும். வாடிக்கையாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். செலவுக்கு ஏற்பப் பாயிண்ட் வீதம் ஏறி இறங்கும் இன்னொரு எளிய வழியையும் நிறுவனம் பின்னால் சேர்த்தது.

இதைக் கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லலாம், ஒப்புதல் வாக்குமூலம் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். வாடகைக்குப் பாயிண்ட் தருவதாக வெளியே சொல்லிக்கொண்டு, அந்தப் பாயிண்டுக்கான காசை அந்த வாடிக்கையாளரின் மளிகை, சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் செலவுகளில் கிடைக்கும் பிடித்தத்திலிருந்தே எடுப்பதுதான் இந்த ஏற்பாடு. இரண்டு நாணயம் எதற்கு? அந்தக் கைமாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கு.

சிங்கப்பூரில் இன்னும் நேர்மையாக நடக்கிறது. கார்டப், சிட்டி பேஆல் போன்ற சேவைகள் வாடகையைக் கார்டில் கட்டவிட்டு, பொதுவாக 2 விழுக்காட்டுக்கு மேல் கட்டணத்தை வெளிப்படையாக வாங்கிக்கொள்கின்றன. அந்தக் கட்டணத்துக்கு எத்தனை விமான மைல் வருகிறது, ஒரு மைல் என்ன விலைக்கு விழுகிறது என்று பார்த்து வாங்குபவர்கள் அங்கே ஏராளம். ஆனால் கார்டு பெற ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி வேண்டும். அரியலூர்ப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்குப் போய் விடுதியில் தங்கியிருப்பவருக்கு அந்த விளையாட்டில் இடமில்லை. ஐடி வேலைக்குப் போனவருக்கு உண்டு.

ஊருக்குத் திரும்புவோம். பில்ட் செய்யும் வேலையை நாமே கையால் செய்தால் என்ன? வாடகையை வழக்கம்போல் யூபிஐயிலோ நெஃப்டிலோ கட்டிவிடுவது. ஒரு பைசா கட்டணம் இல்லை, வங்கிக் குறிப்பே ரசீதுக்குச் சாட்சி. கார்டு ஏற்கும் இடங்களில் மட்டும் கார்டைப் பயன்படுத்தி, வரும் காசை வாடகையில் கழித்துக்கொள்வதாக நினைத்துக்கொள்வது. ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் மளிகை, மருந்து, துணி என்று 9,000 ரூபாய் சராசரியாக 1 விழுக்காடு தருகிறது, இணையத்தில் வாங்கும் 2,000 ரூபாய் 5 விழுக்காடு தருகிறது என்று வைத்தால் மாதம் 190 ரூபாய். ஆண்டுக்கு 2,280. 8,000 ரூபாய் வாடகை ஆண்டுக்கு 96,000. வாடகையைக் கார்டில் தொடாமலே வாடகையில் 2.4 விழுக்காடு திரும்பிவிடுகிறது.

இந்த 190 ரூபாயை எந்த நாணயத்தில் வாங்குவது என்பதில்தான் சின்ன ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பாயிண்ட் என்பது வங்கி அச்சடிக்கும் நோட்டு. அதன் மதிப்பைக் காக்க ரிசர்வ் வங்கி கிடையாது. அச்சடித்தவரே நினைத்த நாளில் குறைக்கலாம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 பாயிண்டுக்கு 4 மைல் என்றிருந்ததை 2023 செப்டம்பர் முதல் 5-க்கு 2 ஆக்கினார்கள். ஆண்டுக் கட்டணத்தையும் 10,000-இலிருந்து 12,500 ஆக ஏற்றினார்கள். அதெல்லாம் பணக்காரக் கார்டு, நமக்கென்ன என்று விடலாம். எளிய கார்டுகளில் வேறு வகை அரிப்பு உண்டு. எஸ்பிஐயின் சிம்ப்ளிகிளிக் போன்ற கார்டில் 4 பாயிண்ட் சேர்ந்தால்தான் 1 ரூபாய். விளம்பரத்தில் 2,000 பாயிண்ட் போனஸ் என்றால் கையில் 500 ரூபாய். பாயிண்டைப் பொருளாகவோ பணமாகவோ மாற்றப் போனால் பல வங்கிகள் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்குகின்றன, 117 போய்விட்டது. கொஞ்சமாகச் செலவு செய்து கொஞ்சமாகப் பாயிண்ட் சேர்ப்பவருக்கு மதிப்பில் கால் பங்கு அந்த ஒரு கட்டணத்திலேயே கரைகிறது.

பாயிண்டின் முழு மதிப்பு விமான டிக்கெட்டில்தான் கிடைக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். பெரம்பலூரில் ரயில் நிலையமே கிடையாது. பக்கத்து விமான நிலையம் 60 கிலோமீட்டர் தள்ளித் திருச்சியில். இங்கே குடித்தனம் இருக்கும் ஆசிரியரோ நர்சோ ஊருக்குப் போவது பஸ்ஸில். அவர்களுக்கு விமான மைல் ஊரில் செல்லாத வெளிநாட்டுக் காசு. விதிவிலக்கு உண்டு: லெப்பைக்குடிக்காடு போல வளைகுடாவோடு தொப்புள்கொடி உள்ள ஊர்களில், திருச்சியிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது குடும்பத்தில் யாரோ பறக்கிறார்கள். அவர்களுக்குப் பாயிண்ட் பொருந்தலாம். மற்றவர்களுக்குக் கேஷ்பேக். பில்லிலேயே கழியும் கேஷ்பேக்காக இருந்தால் மிக நல்லது. ஒரு கடையின் வாலட்டுக்குள் மட்டும் விழும் கேஷ்பேக் அரைப் பாயிண்ட் போலத்தான்.

எந்தக் கார்டு என்று கேட்பார்கள். பெயர் சொல்வதில் தயக்கம் உண்டு, ஏனென்றால் விதிகள் மாறும். இருந்தும் வகையைக் காட்ட உதவும். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை; அமேசானில் பிரைம் உறுப்பினருக்கு 5, மற்றவருக்கு 3, வெளியில் 1 விழுக்காடு. எஸ்பிஐ கேஷ்பேக் கார்டுக்கு 999 ரூபாய் கட்டணம். இணையச் செலவுக்கு 5, கடையில் 1. மேலே சொன்ன குடும்பத்துக்கு இணையச் செலவு மாதம் 2,000 தான் என்றால், 999-ஐக் கட்டி இந்தக் கார்டை எடுப்பது வீண். இரு சக்கர வண்டியில் தினமும் ஆலைக்குப் போய்வருபவர் பிபிசிஎல் எஸ்பிஐ கார்டைப் பார்க்கலாம். பாரத் பெட்ரோலியம் பங்கில் 4.25 விழுக்காடு மதிப்பு, கட்டணம் 499. மாதம் 1,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் ஆண்டுக்கு 510 ரூபாய். கட்டணத்துக்கும் அதற்கும் சரியாகப் போய்விடும். இரண்டாயிரத்துக்குப் போடுபவருக்குத்தான் லாபம் தொடங்குகிறது.

கடைவீதியில் கார்டு மிஷின் இல்லாத கடைகளே அதிகம். அங்கே உதவுவது ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைக்கும் வசதி. 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி அறிவித்து, அந்தச் செப்டம்பரில் தொடங்கியது. முதலில் தந்த மூன்று வங்கிகளில் நம் இந்தியன் வங்கியும் ஒன்று. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்து கார்டிலிருந்து கட்டலாம். சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரை கடைக்காரருக்குப் பிடித்தமில்லை. ஆனால் அந்தக் கியூஆர் வணிகக் கணக்காக இருக்க வேண்டும். அண்ணாச்சி தன் சொந்த எண்ணையே ஒட்டிவைத்திருந்தால் கார்டு செல்லாது. தனியாள் கணக்குக்குக் கிரெடிட் கார்டு வழி பணம் போகாது. வீட்டுக்காரருக்கும் இதே காரணத்தால்தான் போகாது. எந்தச் செயலி வழியாகக் கட்டுகிறோம் என்பதும் சில கார்டுகளில் கணக்கு: டாடா நியூ இன்ஃபினிட்டி ரூபே கார்டில் அவர்கள் செயலி வழி யூபிஐ கட்டினால் 1.5 விழுக்காடு, வேறு செயலியில் 0.5 தான் என்று 2024 ஆகஸ்டில் ஆக்கினார்கள். அங்கே தரப்படும் நியூகாயின் ஒன்று ஒரு ரூபாய். டாடா குழுமக் கடைகளில் மட்டும் செல்லும். பெரம்பலூரில் அப்படிப்பட்ட கடைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு எடுக்கலாம்.

மின் கட்டணம் குடித்தனக்காரரின் தனிச் சோகம். வீட்டுக்குத் தனி இணைப்பும் தனி மீட்டரும் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இணையத்தில் கட்டலாம். முதல் 100 யூனிட் இலவசமும் கிடைக்கும். வீட்டுக்காரர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கினால், இலவசமும் போகிறது, கார்டுக்கும் வேலையில்லை. அந்த இலவச யூனிட்டின் மதிப்பு எந்தக் கார்டு வெகுமதியையும்விடப் பெரிது. வீடு பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியது அதைத்தான்.

மேலே போட்ட கணக்கெல்லாம் முழு பில்லையும் தேதிக்குள் கட்டுபவருக்கு மட்டுமே. இங்கே பல வங்கிகளின் கார்டு வட்டி மாதம் 3.75 விழுக்காடு வரை போகிறது, ஆண்டுக்கு 45. ஒரு மாதம் 11,000 ரூபாய் பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டுத் தள்ளினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரு மாதக் கணக்கில் 412 ரூபாய், ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 487. இரண்டரை மாத வெகுமதி அதில் போயிற்று. அதற்கும் மேல், பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் தவணை நாள் கிடையாது. சம்பளம் 5-ஆம் தேதி வருமா 15-ஆம் தேதி வருமா என்று தெரியாத தனியார் நிறுவன ஊழியருக்கு நான் கார்டைப் பரிந்துரைக்கமாட்டேன். அவருக்கு யூபிஐ போதும்.

கார்டே கிடைக்காதவர்களும் உண்டு. சில வங்கிகள் பின்கோடு பார்த்துத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. 621212 என்றோ 621704 என்றோ அடித்தால் உங்கள் பகுதியில் சேவை இல்லை என்று வரக்கூடும். சம்பளச் சீட்டு இல்லாத ஒப்பந்தத் தொழிலாளருக்கும் கார்டு கிடைப்பது கடினம். வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரும் கார்டு இருவருக்கும் ஏற்றது: வைப்புக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும், கார்டை ஒழுங்காகக் கட்டினால் சிபில் மதிப்பெண்ணும் ஏறும். பத்து வருஷம் தவறாமல் வாடகை கட்டியவருக்கு அந்த நாணயத்துக்காகச் சிபிலில் ஒரு புள்ளியும் ஏறாது என்பது இந்த முறையின் கோணல். பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பது கார்டு பில்லைத்தான்.

வருமான வரியில் கிடைக்கும் வீட்டு வாடகைப் படிச் சலுகை ஒரு காலத்தில் இதையெல்லாம் விடப் பெரிய வெகுமதியாக இருந்தது. ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால்தான் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். மாதம் 8,333 வரை அது தேவையில்லை; இந்த ஊர் வாடகைகள் பல அதற்குள் அடங்கியதால் ஆசிரியர்களுக்கு அது எளிதாக இருந்தது. புதிய வரி முறையில் அந்தச் சலுகை இல்லை. சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லாமல் போன பிறகு பெரும்பாலோருக்கு அதன் தேவையும் இல்லை.

கார்டில் வாடகை மறுபடி வருமானால், அது மாடி வீட்டுக்காரர் வழியாக வராது. கல்லூரிகளைச் சுற்றியுள்ள விடுதிகள், எறையூர், ஜெயங்கொண்டம் காலணி ஆலைகளுக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கான தங்கும் விடுதிகள் வழியாக வரலாம். விடுதி நடத்துபவர் ஏற்கெனவே தொழில் செய்பவர். வணிகக் கியூஆர் வைப்பதில் அவருக்குச் சிரமமில்லை. ரூபே கார்டில் மாதக் கட்டணம் வாங்கலாம், விதியும் தடுக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் அவர் தலையில் விழும். அதை அவர் மெஸ் பில்லில் ஏற்றிவிடுவார். அங்கே தங்குபவர் இரண்டு விஷயம் விசாரிக்க வேண்டும்: ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலிருந்தோ கட்டினால் கட்டணம் குறைகிறதா, அந்தக் கியூஆர் எந்த வகைக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது. விடுதி என்று பதிவாகியிருந்தால் பாயிண்ட் வர வாய்ப்பு உண்டு. 6513 என்றிருந்தால் அடுத்த பில்லில் வாடகைக் கட்டணம் என்று ஒரு வரி வந்து நிற்கும்.